காணொளி அழைப்பு நம் இல்லத்தை வந்தடைவது எவ்வாறு?



வெளியூரில் வாழும் பிள்ளையின் முகத்தைக் கையகலக் கண்ணாடியில் கண்டு பேசுவது இன்று நம் தோட்டத்து இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வதாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிக்கூடமே அக்கண்ணாடிக்குள் புகுந்துகொண்டதை நாம் அனைவரும் கண்டோம். அன்று முதல் இன்று வரை நம்மிடம் பெற்றோர் பலர் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. “மணி ஒலிக்கிறது, பெயரும் தெரிகிறது, எடுத்தால் முகம் மட்டும் வருவதில்லையே, ஏன் ஐயா?” என்பதே அது.

“லைன் சரியில்லை” என்று கூறி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால், லைன் முற்றிலும் சரியில்லையென்றால் மணி எவ்வாறு ஒலித்தது? மணி ஒலி வரும் வழி வேறு. முகமும் குரலும் வரும் வழி வேறு. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை அறிந்துகொண்டால், பழுது எங்கே உள்ளது என்பதை நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வீண் செலவையும் வீண் மனவருத்தத்தையும் தவிர்க்கலாம். ஆதலின், இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

தோட்ட அலுவலகமும் கிராணியாரும்

இணையத்தில் இணையும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். ஐ.பி. முகவரி என்று அதனைச் சொல்வர். 1981இல் வகுக்கப்பட்ட முறைப்படி ஏறக்குறைய 429 கோடி முகவரிகளையே உண்டாக்க இயலும். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் உள்ள கணினிகளே வலையில் இணைந்திருந்த காலத்தில் அது வற்றாத கடலாகத் தோன்றியது. இன்றோ ஒரு லயத்து வீட்டிலேயே நான்கு கைத்தொலைபேசியும் ஒரு தொலைக்காட்சியும் இணையத்தில் உள்ளன. வட்டார அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க உலகப் பொது இருப்பில் எஞ்சியிருந்த முகவரிகள் 2011 பிப்ரவரி 3ஆம் நாளுடன் தீர்ந்துபோயின.

இப்பற்றாக்குறையை முன்னரே உணர்ந்து, 1994இல் எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டனர். வீட்டுக்கு ஒரே வெளிமுகவரி போதும். வீட்டிற்குள் இருக்கும் கருவிகள் தமக்குள் வேறு எண்களை வைத்துக்கொள்ளட்டும் என்பதே அவ்வழி. முகவரி மாற்றம் என்று அதனைக் கூறலாம். நாம் வைஃபை பெட்டி என்று அழைக்கும் ரவுட்டர், இவ்வேலையைத்தான் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கிறது.

நம் தோட்டத்து மூத்தோருக்கு இது புதியதன்று. முன்னாளில் ஊரிலிருந்து வரும் கடிதம் எதுவும் நேரே லயத்துக்கு வராது. உறையின்மீது தோட்டத்தின் பெயரே இருக்கும். கடிதங்கள் யாவும் தோட்ட அலுவலகத்தை அடையும். அங்கிருந்தே உரியவர் கைக்கு வந்துசேரும். அஞ்சற்காரருக்கு அலுவலகம் எங்கே என்று தெரிந்தால் போதும்; ஏழாம் எண் வீடு எங்கே என்று தெரியவேண்டியதில்லை. தெரிந்தும் பயனில்லை, ஏழாம் எண் வீடு எல்லாத் தோட்டத்திலும் உண்டல்லவா? அதுபோலவே, 192.168 என்று தொடங்கும் உள் எண்கள் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே வகையாக உள்ளன. வெளியில் அவற்றுக்கு மதிப்பில்லை.

இனி, மிகுந்த கண்டிப்புள்ள கிராணியார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஏழாம் வீட்டுக்காரர் வெளியே ஒரு கடிதம் அனுப்பினால், கிராணியார் அனுப்புநர் இடத்தில் தோட்டத்தின் முகவரியை எழுதி, அருகில் ஓர் எண்ணையும் குறிக்கிறார்; ‘40112’ என்று வைத்துக்கொள்வோம். தம் பேரேட்டைத் திறந்து, “40112 என்றால் ஏழாம் வீடு” என்று பதிந்துகொள்கிறார். பதில் கடிதம் அவ்வெண்ணுடன் வந்தால் ஏழாம் வீட்டுக்குப் போகும். பேரேட்டில் இல்லாத எண்ணுடன் எவரேனும் எழுதினால், அக்கடிதம் யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. குப்பைக் கூடைக்குத்தான் போகும். ரவுட்டர் செய்வதும் இதுவே. அது வைத்துக்கொள்ளும் குறியெண்ணைப் போர்ட் என்பர். 65,535 வரை அவ்வெண் செல்லும்.

ஆகவே, நம் வீட்டு ரவுட்டர் உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவுக்கு ஒப்பாகும். செய்தித்தாள் படிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் இதனால் தடையில்லை. நாம் முதலில் கேட்கிறோம், பதில் வருகிறது. இடர்ப்பாடு தோன்றுவது காணொளி அழைப்பில்தான். அங்கே இரு பக்கமும் இரு வீடுகள், இரு கிராணியார்கள். இவர் அனுப்பாமல் அவர் ஏற்கார். அவர் அனுப்பாமல் இவர் ஏற்கார். யார் கதவை யார் திறப்பது?

பட்டணத்துக் கடைக்காரர்

மணி ஒலிப்பதில் சிக்கல் இல்லை என்றோம். காரணம் எளியது. நம் கைத்தொலைபேசியில் உள்ள செயலி, அதனை நடத்தும் நிறுவனத்தின் கணினியோடு எந்நேரமும் தொடர்பு வைத்துள்ளது. அத்தொடர்பு உள்ளிருந்து வெளியே சென்றது. ஆகவே கிராணியாரின் பேரேட்டில் உள்ளது. “உன்னை இன்னார் அழைக்கிறார்” என்னும் செய்தி அவ்வழியே வந்துவிடுகிறது.

முகமும் குரலும் அவ்வாறல்ல. அவை கனமானவை, தாமதத்தைப் பொறுக்காதவை. குரல், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 50 சிறு பொட்டலங்களாக நறுக்கி அனுப்பப்படுகிறது. பால்மரம் வெட்டியவர்கள் இதனை எளிதில் உணர்வர். காலத்தில் ஆலைக்குச் சேராத பால் வாளியிலேயே உறைந்துவிடும். அதுபோல, காலந்தாழ்ந்து வரும் குரற்பொட்டலத்தால் பயனில்லை. பேச்சு அதற்குள் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிட்டது. ஆதலால், தொலைந்ததை மீண்டும் கேட்டு வாங்கும் பதிவஞ்சல் முறையை விடுத்து, போனது போகட்டும் என்று விரைந்து செல்லும் சாதாரண அஞ்சல் முறையையே இச்செயலிகள் விரும்புகின்றன. யூ.டி.பி. என்னும் அம்முறை 1980இல் வகுக்கப்பட்டது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாமல் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது தொலைபேசித் துறையினர் நெடுநாளாகக் கொண்டுள்ள அளவு. ஆதலால் இரு வீட்டுக்கும் இடையே குறுக்கு வழி கிடைத்தால் நன்று.

அக்குறுக்கு வழியைக் காண்பதற்கு ஒரு சூழ்ச்சி உண்டு. இரண்டு தோட்டத்தாருக்கும் பழக்கமான கடைக்காரர் ஒருவர் பட்டணத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். இருவரும் அவருக்கு ஒரு கடிதம் எழுதுகின்றனர். கடிதத்தினுள் என்ன உள்ளது என்பது அவருக்கு வேண்டியதில்லை. உறையின்மேல் கிராணியார் இட்ட முகவரியையும் எண்ணையும் பார்த்து, “உம்மை வெளியுலகம் இந்த முகவரியில், இந்த எண்ணில் காண்கிறது” என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறார். தம் முகம் தமக்குத் தெரியாதாகையால் கண்ணாடி பார்ப்பதைப் போன்றது இது. 2003இல் வரையறுக்கப்பட்ட இம்முறைக்கு ஸ்டன் என்று பெயர்.

இவ்வாறு அறிந்த எண்களை, மணி ஒலித்த அதே வழியாக இருவரும் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்கின்றனர். பின்னர் இருவரும் ஏறக்குறைய ஒரே வேளையில் நேரடியாகக் கடிதம் விடுகின்றனர். முதலில் சென்ற கடிதத்தை எதிர்ப்பக்கக் கிராணியார் குப்பையில் எறிந்துவிடக்கூடும். எறியட்டும்! அக்கடிதம் புறப்படும்போதே நம் பக்கப் பேரேட்டில் பதிவு விழுந்துவிட்டதல்லவா? இப்பொழுது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கடிதத்தை நம் கிராணியார், “இது நாம் எழுதிய இடத்திலிருந்து வந்த பதில்” என்று எண்ணி உள்ளே விடுவார். அக்கடிதம் புறப்பட்டதால் அங்கேயும் பதிவு விழுந்துவிட்டது. நம் அடுத்த கடிதம் அங்கே நுழையும். இரு கதவும் திறந்துவிட்டன. இவ்வளவும் நாம் ‘ஹலோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் நடந்துவிடுவது வியப்பன்றோ! துளையிடுதல் என்று பொறியாளர்கள் இதற்குப் பெயரிட்டுள்ளனர். கதவை யாரும் உடைக்காமையால், அப்பெயர் நமக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பேச்சு நடக்கும்வரை இக்கதவு திறந்திருக்க வேண்டும். பேரேட்டுப் பதிவை ரவுட்டர் நெடுநேரம் வைத்துக்கொள்வதில்லை. சில வீட்டுப் பெட்டிகள் 30 விநாடி ஓசையின்றி இருந்தாலே பதிவை அழித்துவிடுகின்றன. ஆகவே, இருவரும் மௌனமாக இருக்கும்போதும் செயலி சில விநாடிக்கு ஒரு முறை வெற்றுப் பொட்டலம் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். 15 விநாடிக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு.

ஒரே வீட்டில், அடுக்களையிலிருந்து முன்னறைக்கு விளையாட்டாக அழைத்துப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. செயலி முதலில் உள் எண்களையும், அடுத்து வெளி எண்களையும் என்று எல்லா வழிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும். உள்வழி பொருந்தினால், மணி மட்டும் ஊர் சுற்றி வரும். முகம் வீட்டை விட்டே வெளியேறாது.

வழி அடைபடும் வேளை

எல்லாக் கிராணியாரும் ஒரே குணமுடையவர் அல்லர். ஒரு வீட்டுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, யாருக்கு எழுதினாலும் அதனையே வைத்துக்கொள்பவர் ஒரு வகை. நாம் மேலே கண்ட சூழ்ச்சி இவரிடம் பலிக்கும். மற்றொரு வகையினரோ கடைக்காரருக்கு எழுதினால் ஓர் எண், தோழருக்கு எழுதினால் வேறோர் எண் என்று ஆளுக்கோர் எண்ணை இடுவர். கடைக்காரர் கண்டு சொன்ன எண், தோழருக்குப் பயன்படாமல் போகும். அலுவலகம், தங்குவிடுதி ஆகியவற்றின் கட்டமைப்புகளில் இவ்வகையினர் மிகுதி. இன்னும் சில இடங்களில் யூ.டி.பி. அஞ்சலை அறவே தடுத்துவிடுவதும் உண்டு.

நேர்வழி அமையாதபோது, கடைக்காரரே எல்லாக் கடிதங்களையும் வாங்கி வாங்கிக் கைமாற்றித் தரவேண்டும். டர்ன் என்னும் இடைநிலையக் கணினிகள் இத்தொண்டினைச் செய்கின்றன. இருவருமே அவருக்கு உள்ளிருந்து எழுதுவதால் கதவுச் சிக்கல் எழாது. ஆனால் தொலைவு கூடும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் செல்லும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சாலைவழித் தூரம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அது ஒளிக்கு ஒரு பொருட்டன்று. இடைநிலையம் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்குமானால், போக மட்டுமே 50 மில்லி விநாடி. அங்கிருந்து திரும்பி வர மற்றோர் 50. ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் குறுக்கிடுவது போன்ற தடுமாற்றம் அப்போது தோன்றலாம்.

ஸ்கைப் என்னும் செயலியை மூத்தோர் சிலர் நினைவிற்கொண்டிருக்கலாம். 2003இல் தோன்றி, 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அது தனக்கென்று பெரிய கணினிக் கூடங்களை வைத்துக்கொள்ளாமல், நல்ல இணைப்புள்ள பயனர்களின் கணினிகளையே கடைக்காரராக்கிப் பிறர் பேச்சைச் சுமக்கச் செய்தது. கேளாமலே பெற்ற கூட்டுறவு என்று அதனைச் சொல்லலாம். 2012இல் அப்பொறுப்பு நிறுவனத்தின் சொந்தக் கணினிகளுக்கு மாற்றப்பட்டது.

நம் பள்ளி மாணவியொருத்தியின் அண்ணன் சிங்கப்பூரில் பணிபுரிகிறார். தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். நாள்தோறும் மாலையில் மணி ஒலிக்கும். எடுத்தால் ‘இணைக்கிறது’ என்னும் சொல்லே நின்றுகொண்டிருந்து, பின் அறுந்துவிடும். மகன் உடல் இளைத்துவிட்டான், அதனைக் காட்ட மனமின்றியே முகத்தை மறைக்கிறான் என்று அந்த அம்மையார் எண்ணிக்கொண்டார். உறக்கமும் கெட்டது. பின்னர், தம் கைத்தொலைபேசிதான் பழையதோ என்றெண்ணிப் புதியது வாங்கக் கடன் கேட்கவும் முற்பட்டார். நாம் அம்மாணவியிடம் சொல்லியனுப்பியது ஒன்றே: “விடுதியின் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் அட்டையின் இணையத்தில் ஒரு முறை அழைக்கும்படி அண்ணனிடம் சொல்.” அன்றிரவே முகம் வந்தது. இளைக்கவுமில்லை, சற்றுப் பருத்தே இருந்தாராம். அவ்விடுதியின் கட்டமைப்பு சாதாரண இணையப் பக்கங்களை விட்டுவிட்டு ஏனைய அஞ்சலை அடைத்திருந்தது. அதனால் மணி வந்தது, முகம் வரவில்லை.

“அப்படியானால் ஆசிரியர் நடத்தும் இணைய வகுப்பு மட்டும் எவ்வாறு தடையின்றி வருகிறது?” என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. முப்பது பேர் கூடும் வகுப்பில் ஒவ்வொருவரும் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் தனித்தனியே படம் அனுப்புவதென்றால் எந்த வீட்டு இணைப்பும் தாங்காது. ஆதலால் எல்லாரும் நடுவில் உள்ள கணினி ஒன்றுக்கே அனுப்புகின்றனர், அது பகிர்ந்தளிக்கிறது. அங்கே ஒரு கிராணியாரை மட்டும் கடந்தால் போதும்.

கதவைப் பற்றி ஓர் எச்சரிக்கை

அழைப்பு சரியாக வரவேண்டுமானால் ரவுட்டரின் போர்ட்டுகளை எல்லாம் திறந்துவிட வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் உளர். காசு பெற்றுக்கொண்டு அதனைச் செய்து தருவோரும் உளர். வீட்டில் காணொளி அழைப்புக்கு அது வழக்கமாகத் தேவைப்படுவதே இல்லை. திறந்த கதவு வழியே வேண்டியவர் மட்டுமா வருவர்? 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட மறைச்சொல்லை மாற்றாமல், வெளியுலகிற்குத் திறந்து கிடந்த கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பல்லாயிரக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றைக் கொண்டு தொடுத்த தாக்குதலில் டுவிட்டர் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணிநேரம் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள மறைச்சொல்லைத் தொலைபேசியில் கேட்பவர் எவருக்கும் படித்துக் காட்டவேண்டாம். நிர்வாக மறைச்சொல்லை இன்றே மாற்றிக்கொள்க.

நேர்வழியில் பேசும்போது மற்றவரின் கருவிக்கு நம் வீட்டு வெளிமுகவரி தெரியவரும். அதனைக்கொண்டு நாம் இருக்கும் வட்டாரத்தை ஓரளவு ஊகிக்க இயலும். உறவினரோடு பேசுவோருக்கு இதனால் கேடில்லை. முன்பின் அறியாதவர் அழைப்பை ஏற்கும் பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். வாட்ஸ்அப் என்னும் புலனத்தில், அழைப்புகளின்போது ஐ.பி. முகவரியைக் காத்தல் என்னும் அமைப்பு 2023இல் சேர்க்கப்பட்டது. அதனை இயக்கினால் எல்லா அழைப்பும் இடைநிலையம் வழியாகவே செல்லும். படத்தின் தெளிவு சற்றுக் குறையலாம். இடைநிலையம் பேச்சைக் கேட்குமோ என்று அஞ்சவேண்டியதில்லை. புலன அழைப்பு முனைக்கு முனை முத்திரையிட்ட உறை. கைமாற்றுபவர் உறையைத்தான் காண்பார்.

இறுதியாக, வீட்டில் செய்து பார்க்கத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம். மணி ஒலித்து முகம் வராவிடில், முதலில் ஒருவர் மட்டும் வைஃபையிலிருந்து சிம் இணையத்திற்கு மாறிப் பாருங்கள், பிறகு மற்றவர். எவர் மாறியபோது முகம் வந்ததோ, அவர் விட்டு வந்த பக்கத்தில்தான் அடைப்பு. முகம் வந்து உறைந்து உறைந்து நின்றால் அது கதவுச் சிக்கலன்று. வேகக் குறைவோ அலைவரிசைக் குறைவோ ஆகும். அதற்குப் பெட்டியின் அருகே வந்து பேசிப் பார்ப்பதே மருந்து. ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை வாங்கி மாட்டியுள்ளோர், கிராணியாருக்கு மேல் ஒரு கிராணியாரை அமர்த்தியுள்ளனர். இரண்டாவதை வெறும் அலைபரப்பியாக மாற்றித் தரும்படி கடையில் கேட்கலாம்.

மேல் வகுப்பு மாணவர்கள், பெற்றோர் அருகிருக்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதன் வெளிமுகவரியைப் பார்க்கலாம். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், தொலைத்தொடர்பு நிறுவனமும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு பெரிய கிராணியாரை வைத்துள்ளது என்று பொருள். 2012இல் இதற்கென்றே அவ்வெண்கள் ஒதுக்கப்பட்டன. ஆறாம் பதிப்பு முகவரி முறை பரவப் பரவ இப்படிப்பட்ட கிராணியார்களின் தேவை குறையும். அதில் கருவி ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி உண்டு. எண்ணை மாற்றி எழுதும் வேலை இல்லை. காவல் கதவு மட்டும் இருக்கும். இருபுறமும் ஒரே வேளையில் தட்டுவது அங்கேயும் தேவைப்படும்.

மற்றொன்று. ரவுட்டரை அணைத்து மீண்டும் ஏற்றினால் அதன் பேரேடு வெற்றேடாகிவிடும். குழம்பிய பதிவுகள் நீங்குவதால் சில வேளை அது நல்ல மருந்தே. ஆயினும், முன்னறையில் அக்காள் இணையத்தில் நேர்முகத் தேர்வுக்கு விடையளித்துக்கொண்டிருக்கும்போது, தம்பி ஓடிச் சென்று விசையை அணைத்தால், நடந்துகொண்டிருக்கும் பேச்சின் பதிவும் அழிந்து அழைப்பு அறுந்துவிடும். கேட்டுவிட்டு அணையுங்கள்.